இரு நாக்கு

பல கணிப்பொறிகள் இணைந்து ஒரே பணியை ஆற்றுகின்றன. அவற்றுக்குத் தலைமை இயந்திரம் ஏதுமில்லை. அவற்றுள் ஒன்று பழுதுற்றுப் பொய்ச்செய்தி அனுப்பினால் மற்றவை எதை நம்புவது?

விமானத்தைச் செலுத்தும் கணிப்பொறிகள் பற்றிய ஆய்வின்போது அமெரிக்காவில் இவ்வினா எழுந்தது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகியோர் 1982-இல் இதனை ஒரு கதையாக அமைத்தனர். நகரை முற்றுகையிட்ட பைசாந்தியத் தளபதிகள் தூதர் வழியே பேசிக்கொள்கின்றனர். அவர்களுள் ஒரு துரோகி, ஒருவனிடம் ‘தாக்கு’ என்றும் மற்றவனிடம் ‘பின்வாங்கு’ என்றும் சொல்கிறான். மூவர் மட்டுமே இருந்தால், முரண்பட்ட சொற்களைக் கேட்பவனுக்குப் பொய்யன் யாரென்று விளங்காது, நால்வர் வேண்டும். துரோகிகள் இருவரானால் எழுவர் வேண்டும்.

செயலற்று நின்றுவிட்ட இயந்திரத்தால் இத்துணைக் கேடில்லை. ஆளுக்கொரு பேச்சே பெருங்கேடு. ஆனால் பிறர் மாற்ற இயலாத கையொப்பத்துடன் ஒவ்வொரு செய்தியும் சென்றால், மூவரே போதும் என்றும் அவர்கள் நிறுவினர். இரு செய்திகளையும் அருகருகே வைத்த கணமே வஞ்சகம் வெளிப்பட்டுவிடும்.

அப்படியாயின் சரிபார்ப்பது அவநம்பிக்கை ஆகாதா? ஆகாது. தன் சொல்லை எல்லோர் முன்னிலையிலும் தனதென்று ஏற்பவனுக்குச் சோதனையால் இழப்பேது? அச்சோதனையே அவனைப் பொய்யனிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. தனிமையில் ஒன்றும் சபையில் வேறொன்றும் பேசுபவனே அதற்கு அஞ்சுகிறான்.

இயந்திரத்திற்குக் கையொப்பத்தைப் பிறர் அமைத்துத் தருகின்றனர். மனிதனோ ஒவ்வொரு சொல்லின் கீழும் அதைத் தானே இட்டாக வேண்டும்.