பழைய கணினியும் பரிமித பரிக்கிரகமும்

இல்லறத்தார் நாள்தோறும் எத்தனையோ பொருள்களை வாங்குகின்றோம். நகை வாங்கும்போதும் வீடு கட்டும்போதும், "இது வேண்டியதுதானா? எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டுக்கொள்ளும்படி நம் பெரியோர் நம்மைப் பழக்கியுள்ளனர். கணினி வாங்குவது மட்டும் அறத்தின் எல்லைக்குள் வாராத கடைத்தெருச் செய்தி என்று நாம் எண்ணிவிடுகின்றோம். விலை, வேகம், தவணை என்னும் மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. பழைய கணினியை விடுத்துப் புதியதை வாங்கத் தக்க காலம் எது என்பதும் ஓர் அறவினாவே. இதனை நான் பிழை செய்த பின்னரே உணர்ந்தேன். அப்பிழையை மறைக்காது எழுதினால் சிலருக்கேனும் பயன்படும் என்று இக்கட்டுரையை எழுதலானேன்.

என் கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சிறியதொரு கணினி அச்சுக்கோப்பகம் நடத்தி வருகின்றேன். திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், கடைகளுக்கான பில் புத்தகம் ஆகியவையே எங்கள் வேலை. விருஷப தேவர் மக்களுக்கு வகுத்தளித்த ஆறு தொழில்களுள் மசி என்னும் எழுத்துத்தொழிலும் ஒன்று. அத்தொழிலுக்கு அன்று எழுத்தாணி, இன்று கணினி. ஆகவே கருவி வைத்திருத்தல் குற்றமாகாது. எத்தனை, எதுவரை என்பனவே ஆராயத்தக்கவை.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஏற்றபோது, "கடைக்கு ஒரு கணினி, அது இயங்கும்வரை வேறொன்று இல்லை" என்று நானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். அக்கணினி 2013-இல் வாங்கியது. அதனை வைத்துக்கொள்ளத் தொழில்முறைக் காரணமும் ஒன்று இருந்தது. எங்கள் பழைய பக்கங்கள் யாவும் பேஜ்மேக்கரில் அமைந்தவை. 2001-இல் வெளிவந்த 7.0 தான் அதன் இறுதிப் பதிப்பு. 2004-இல் அதனை மேலும் வளர்ப்பதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. ஒருங்குறி பரவுமுன் தோன்றிய தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென வெவ்வேறு குறியீடுகள் கொண்டவை. அவற்றில் கோத்த பக்கத்தைப் புதிய மென்பொருளில் திறந்தால், "வாழ்த்து" என்றிருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் வந்து நிற்கும். இத்தொல்லைக்கு அஞ்சியே அச்சுக்கோப்பகங்கள் பல பழைய கணினியை விடாமல் வைத்துள்ளன.

இதனோடு வேறொரு கணக்கையும் நான் மனத்திற் கொண்டிருந்தேன். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அக்காலத்து மேசைக்கணினி ஒன்றையும் அதன் திரையையும் செய்து முடிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், 1,500 கிலோ நீரும் செலவாகின்றன என்று காட்டியது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி செம்புக்காகத் திறந்தவெளியில் எரிக்கப்படுகின்றது. பொன்னுக்காக அமிலத்தில் கரைக்கப்படுகின்றது. அவ்வேலையைச் செய்யும் ஏழை மக்களுக்கும், நிலத்தையும் நீரையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களுக்கும் அதனால் விளையும் துன்பத்தை எண்ணினால், கணினியைப் பல்லாண்டு வைத்துப் பயன்படுத்துவது கொல்லாமையோடும் தொடர்புடையது என்பது விளங்கும்.

இவ்வாறெல்லாம் எண்ணி நிறைவு கொண்டேன். "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று வாடிக்கையாளர் வியக்கும்போது உள்ளூர ஒரு பெருமையும் தோன்றியது. அப்பெருமையே என் கண்ணை மறைத்தது.

ஓர் அந்திப்பொழுது

கடையில் பக்கம் அமைப்பவர் நம் சமூகத்து இளம்பெண். என்னைப் பெரியப்பா என்று அழைப்பவர். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நெறியைப் பிறந்தநாள் முதல் வழுவாதவர். மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் வீடு சேர்ந்து உண்ண நேரம் சரியாக இருக்கும்.

2025 கார்த்திகையில் முகூர்த்த வேலைகள் நெருக்கின. அம்மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகின்றான். எங்கள் கணினியோ காலையில் விழித்தெழவே கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும். படங்கள் நிறைந்த அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பாக மாற்றும்போது பாதியில் நின்றுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு நான் கடைக்குத் திரும்பியபோது அவர் இன்னும் திரையின் முன் அமர்ந்திருந்தார். மேசை ஓரத்தில் ஒரு செம்பு நீர் இருந்தது. அதையும் அவர் தொடவில்லை, இருட்டிவிட்டது அன்றோ?

"சாப்பிட்டாயா, அம்மா?" என்றேன்.

"இல்லை பெரியப்பா. நாளைக் காலையில் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மேலும் கேட்டபோதுதான் அம்மாதத்தில் அவ்வாறு கழிந்தது அது ஏழாவதோ எட்டாவதோ நாள் என்று அறிந்தேன். "முன்பே சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் தயங்கிச் சொன்ன விடை இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது: "நீங்கள் விரதமாக வைத்திருக்கிறீர்கள். அதை நான் எப்படிக் கெடுப்பது?"

விரதம் என்னுடையது, உண்ணா நோன்பு அவருடையதாயிற்று. விரும்பி ஏற்றால் அது தவம். பிறர்மேல் நாம் சுமத்தினால் அது பசியே.

ஐந்து வழுக்கள்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தை எடுத்துப் புரட்டினேன். அவர் நம் காஞ்சியோடு தொடர்புடையவர் என்பது மரபு. தமிழில் அருங்கலச் செப்பு தழுவிய மூலமும் அந்நூலே. பொருள் வரையறை விரதத்துக்கு நேரும் வழுக்களாக அங்கு ஐந்து கூறப்படுகின்றன. அதிவாகனம், விலங்குகளை அளவு மீறி ஓட்டுதல், அதிசங்கிரகம், அளவு மீறிச் சேர்த்தல், விஸ்மயம், பிறர் செல்வம் கண்டு வியத்தல், லோபம், பேராசை, அதிபாரவகனம், அளவு மீறிச் சுமை ஏற்றுதல்.

இவற்றுள் இடையிலுள்ள மூன்றும் பொருள் விரதத்தின் வழுக்கள் என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். கணினிச் சந்தை முழுவதும் அம்மூன்றின்மேல்தான் நடைபெறுகின்றது. ஒரு சில்லில் அமையும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று கோர்டன் மூர் 1965-இல் கணித்தார். 1975-இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அக்கணிப்பின்படியே பல்லாண்டு வளர்ந்த தொழில் இது. ஆகவே இன்று வாங்கியது நாளை பழையதாகத் தோன்றும். அண்டை வீட்டில் புதியது வந்தவுடன் விஸ்மயம் பிறக்கும்.

முதலாவதும் ஐந்தாவதும் என்னை நெடுநேரம் நிறுத்தின. ஓட்டுதலும் சுமை ஏற்றுதலும் கொல்லாமையின் வழுக்களாக அல்லவோ இருக்க வேண்டும்? பொருள் வரையறை விரதத்தில் அவற்றை ஏன் வைத்தார்? நான் உணர்ந்தவரை கூறுகின்றேன். "இரண்டு எருதுக்குமேல் வைத்துக்கொள்ளேன்" என்று எல்லை வகுத்த ஒருவன், நான்கு எருது செய்யும் வேலையை அவ்விரண்டின்மேல் ஏற்றினால் விரதத்தின் எண் கெடாது, விரதம் கெடும். அவன் ஆசை சிறிதும் குறையவில்லை; அதன் சுமைதான் பேசாத உயிரின் முதுகுக்கு மாறியது. அன்று சுமந்தது எருது. என் கடையில் சுமந்தவர் வாய் திறந்து கேளாத ஓர் இளம்பெண். வந்த வேலை எதனையும் நான் மறுக்கவில்லை. வருவாயைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. கணினியை மட்டும் குறைத்துக்கொண்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டேன்.

அச்சு தேய்ந்தால்

மறுநாள் எதிர்வீட்டு நெசவாளரிடம் இதைக் கூறினேன். பட்டு நெசவு பற்றிய அகிம்சைக் கேள்வி தனியே பேசத்தக்கது. அவருடைய அனுபவ அறிவை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றேன். கணினிக்கு நெசவாளரிடம் அறிவுரை கேட்பதில் பொருத்தமும் உண்டு. லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய தறிப்பெட்டியின் துளையட்டைகளையே பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்று காஞ்சிச் சேலைகளின் கரையும் முந்தியும் கணினியில் வரையப்பெற்று அட்டையாகின்றன.

அவர் சொன்னது இது: "ஐயா, அச்சு தேய்ந்தால் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்போது இழையை நொந்து பயனில்லை. தறியைப் பிரித்தெறியவும் வேண்டாம். அச்சை மாற்றினால் போதும். அச்சை மாற்றியும் இழை அறுந்தால் தறியைப் பார்க்க வேண்டும். அறுந்த இழையை முடிவதிலேயே நாள் கழிந்தால் கூலி போவது நெய்கிறவனுக்குத்தானே?"

கணினிக்கும் இதுவே முறை. சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துதல், ரேம் நினைவகத்தைக் கூட்டுதல், உள்ளே படிந்த தூசியை அகற்றுதல் ஆகிய சிறு செலவுகளால் பழைய கணினி பலவும் மீண்டும் நன்கு உழைக்கும். கடிதமும் கணக்கும் எழுதுவோர்க்கு லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயங்குதளமே போதுமானது. பழுதுபார்ப்பவரை முதலில் அழைக்காமல் விற்பவரை அழைப்பது அதிசங்கிரகத்தின் தொடக்கம். அச்சை மாற்றியும் இழை அறுமானால், அதன்பின்னும் காத்திருப்பது அதிபாரவகனத்தின் தொடக்கம்.

எங்கள் கணினியில் இரண்டாவது நிலையே வந்திருந்தது. வன்தட்டும் நினைவகமும் முன்பே மாற்றப்பட்டவை. அதன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கணினி அதற்கு ஏற்றதன்று. என் கணினியில் இருப்பவை என் பொருள் மட்டுமல்ல. வாடிக்கையாளர் தந்த முகவரிகளும், அடையாள அட்டைப் படிகளும், வங்கி விவரங்களும் அதில் உள்ளன. காவலற்ற கணினியை இணையத்தில் இணைத்து வைப்பது, பிறர் ஒப்படைத்த பெட்டியைத் திறந்த திண்ணையில் வைப்பதை ஒக்கும்.

காலம் எது?

ஆகவே புதிய கணினி வாங்கும் காலத்தை அறிய மூன்று வினாக்கள் போதும் என்று கருதுகின்றேன். முதலாவது: தடைப்படுவது என் வேலையா, என் ஆசையா? இரண்டாவது: உறுப்பொன்றை மாற்றினால் தீருமா? மூன்றாவது: நான் தள்ளிப்போடும் நாள்களின் சுமையைச் சுமப்பவர் யார்? முதலிரண்டையும் நான் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தேன். மூன்றாவதைக் கேட்கவே இல்லை. சுமப்பவன் நானாக இருந்தால் காத்திருக்கலாம், அது பயிற்சி. பணியாளரோ, மகளோ, வாடிக்கையாளரோ சுமக்கின்றார் எனில் காத்திருக்க எனக்கு உரிமையில்லை.

கையில் பணம் இல்லாதபோது என் செய்வது என்று சிலர் கேட்கலாம். முறையான கேள்வியே. கணினியை மாற்ற இயலாவிட்டால் வேலையின் அளவைக் குறைத்துக்கொள்ள இயலும். இரண்டு அழைப்பிதழ்களை மறுத்து, ஐந்து மணிக்குக் கடையை அடைக்க இயலும். இழப்பை நாம் ஏற்றால் விரதம் நிற்கும்.

கார்த்திகை முடியுமுன் புதிய கணினி வாங்கினேன். எங்கள் வேலைக்கு எது போதுமோ அதையே வாங்கினேன். எது போதும் என்பதை அப்பெண்ணைக் கேட்டே முடிவு செய்தேன். பழையது இணைய இணைப்பு நீக்கப்பட்டு ஒரு மூலையில் உள்ளது. பேஜ்மேக்கர் பக்கங்களுள் வேண்டியவற்றை ஒருங்குறிக்கு மாற்ற ஓராண்டுத் தவணை வைத்துள்ளேன். அது முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனை ஒப்படைக்க வேண்டும். மின்னணுக் கழிவுகளுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பரணில் போட்டு மறப்பதும், எடைக்கு விற்றுவிட்டு அது எங்கே எரிகின்றது என்று கேளாதிருப்பதும் நமக்குத் தகா.

என் விரதத்தின் வாசகத்தையும் திருத்திக்கொண்டேன். "இயங்கும்வரை" என்றிருந்ததை, "எவர்க்கும் பாரமின்றிப் பயன்படும்வரை" என்று மாற்றினேன். இயங்குதல் வேறு, பயன்படுதல் வேறு.

இப்போது மாலை ஐந்து மணிக்கு எங்கள் கடையில் வேலை நிற்கின்றது. கதிரவன் மறையுமுன் அப்பெண் வீடு சேர்கின்றார். அன்பர்கள் தத்தம் இல்லத்திலும் தொழிலிலும் தாம் வகுத்துள்ள எல்லைகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. எல்லைக்குள் எத்தனை பொருள் உள்ளது என்பதோடு, அவ்வெல்லையின் பாரம் யார் தோளில் இருக்கின்றது என்பதையும் காண்பாராக.