கோழியை ராசி கொல்லவில்லை!

"கோழி வளத்தோம், சீக்கு விழுந்து அத்தனையும் போச்சு. நமக்கு அது ராசியில்ல." சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் ஒரு வீட்டிலிருந்தாவது இந்தப் பேச்சு வரும். அந்த வீட்டில் பஞ்சாரம் காலியாகக் கிடக்கும். கோழிக்கூட்டுக்குள் விறகு அடுக்கியிருப்பார்கள்.

தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். அந்தச் சொல்லை இன்றோடு விடு! உன் கோழிகளைக் கொன்றது ஒரு நச்சுயிரி. அதற்குப் பெயர் இருக்கிறது. அது வரும் வழி தெரியும். அதைத் தடுக்க ஊசியும் இருக்கிறது. இத்தனையும் தெரிந்த பகைக்கு முன்னால் எதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய்? தறிச் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் நீ. பூப்பறிக்க இருட்டோடு எழுந்து போகிறவள் நீ. பத்துக் கோழியைக் காப்பாற்ற உனக்குத் திராணி இல்லை என்று எவர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீயே சொன்னாலும்தான்.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். இறக்கை தொங்கும், கோழி தூங்கி விழும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். 1926-ல் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது இதே நோய்தான். அடுத்த ஆண்டே, இமயமலைச் சாரலில் குமாவுன் மலைப்பகுதியின் ராணிக்கெட்டில் இது தலைகாட்டியது. ஊர் பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத் தடுக்க ஒன்றும் கிடையாது. நம் பாட்டிமார் கைபிசைந்து நின்றதில் நியாயம் இருந்தது.

ஆனால் கேள்! அதே குமாவுன் மலையில் முக்தேசுவர் என்று ஓர் ஊர். அங்கிருந்த கால்நடை ஆய்வுக்கூடத்தில் அந்தக் கொலைகார நச்சுயிரியையே பிடித்து, கரு வளரும் முட்டையில் செலுத்தி, அதிலிருந்து எடுத்து அடுத்த முட்டையில் செலுத்தி, மறுபடி மறுபடி வளர்த்து, அதன் வீரியத்தை இறக்கினார்கள். 1940-களில் அதைத் தடுப்பூசியாக்கினார்கள். எட்டு வார வயதுக் கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் இன்றைக்குப் போடுகிற ஊசி அந்த வழியில் வந்ததுதான். எந்த மலையில் நோய் தலைகாட்டியதோ அந்த மலையிலேயே மாற்றும் பிறந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1879-ல் தொடங்கி முதன்முதலில் வலுக்குறைத்த கிருமியை வைத்துத் தடுப்பூசி கண்டதும் கோழிக்காலராவுக்குத்தான். கோழியைக் காப்பாற்றப் போய்த்தான், கிருமியின் வலுவைக் குறைத்து மனிதனைக் காக்கும் வித்தையும் கைக்கு வந்தது. கோழி வளர்ப்பை அற்பமான வேலை என்று எவராவது சொன்னால் இதைச் சொல்.

சரி, உன் வீட்டுக்குள் நோய் எப்படி வந்தது? பெரும்பாலும் நம் கையாலேயே வந்திருக்கும். பங்குனி, சித்திரையில் ஊர் ஊராகக் கோயில் கொடை நடக்கிறது. சந்தைக் கூடையில் பத்து ஊர்க் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கண்ணுக்கு லட்சணமாக ஒரு விடைக்கோழியை வாங்கி வந்து, வாசலிலேயே காலை அவிழ்த்து விடுகிறோம். அது ஓடிப்போய் நம் கோழிகளோடு ஒரே சட்டியில் தண்ணீர் குடிக்கிறது. நோய் உள்ளே புகுந்தாலும் வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகும். சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகும். வாங்கிய அன்று திடமாகத்தான் இருந்தது என்று அழுவதில் பயனில்லை. திடமாக இருந்ததுதான் ஆபத்து!

ஆகவே புதுக்கோழிக்கு ஒரு மாதம் தனிவாசம். இதில் விட்டுக்கொடுக்காதே. விருந்தாளி சிரிக்கட்டும், மாமியார் முணுமுணுக்கட்டும். வீட்டின் மறுபுறம், பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்ச் சட்டி. காலையில் முதலில் பழைய கோழிகளைக் கவனி, பிறகு புதுசுக்குப் போ. திரும்பி வந்ததும் கைகாலைக் கழுவு. ஒரே ஆள் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினால் தனியாக வைத்ததே வீண்.

அந்த ஒரு மாதத்தில் கோழியைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழகு. இறக்கையைத் தூக்கு, ஆசனவாயைச் சுற்றியுள்ள பஞ்சு முடியை விலக்கு, பேன் இருந்தால் அங்கேதான் ஓடும், முடியடியில் வெள்ளையாக ஈர் அப்பியிருக்கும். கண்ணில் நுரை உண்டா, மூக்கில் ஒழுகலா, முகம் வீங்கி நாற்றம் அடிக்கிறதா, காலின் செதில் தூக்கிக்கொண்டிருக்கிறதா, ஒவ்வொன்றாகப் பார். சளியில் விழுந்து தேறிய கோழி பார்வைக்கு நன்றாகவே திரியும். கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். இதைப் படிக்கப் பட்டம் வேண்டாம். தினம் பார்க்கிற கண்ணுக்குத் தானாக வரும் வித்தை இது.

மாதம் கழிந்தது, நோய் இல்லை. உடனே ஒன்றாக அவிழ்த்து விடாதே. கோழிக் கூட்டத்துக்குள் யாருக்கு யார் அடக்கம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப் எப்பே சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, அதை 1921-ல் அறிவியலாக எழுதினார். புதுசு வந்தால் அந்த வரிசை கலையும், கொத்தும் அடியும் நடக்கும். அதனால் ஒரு வாரம் நடுவே வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்க மட்டும் விடு. ஒற்றைக் கோழியாகச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர், அடி பங்காகும். இரவில், பழசுகள் அடைந்த பிறகு கூட்டுக்குள் விடு. மறுநாள் இரண்டு மூன்று இடத்தில் தீனி வை. கொண்டையில் லேசான கொத்து சகஜம்தான்; ரத்தம் வழிந்தால் மட்டும் உடனே பிரித்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. சிறு குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு தாயில்லாமல் விடவே விடாதே.

இத்தனைக்கும் பிறகு ஒரு கோழி தூங்கி விழுந்தால்? பதறாதே, தாமதிக்கவும் செய்யாதே. அந்த நிமிடமே அதைப் பிரி. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வைத்தியத்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே சொல்கிறது, கொடு. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டாய் என்றால் நான் கோபப்படுவேன். வெள்ளைக்கழிச்சல் வந்தபின் அதைக் கொல்ல மருந்து கிடையாது. குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், அதற்கு மருந்து உண்டு. அது வராமலிருக்கக் கூட்டுத் தரையை ஈரமில்லாமல் வை. கோழிக்கு வரும் அம்மையைக் கொசு பரப்பும். எது எதுவென்று தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேள்; கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழை. கோழிகள் பல திடீரென்று செத்தால் மறைக்காமல் சொல்.

ஒன்றை மட்டும் செய்யாதே. "சாகறதுக்குள்ள காசாக்கிருவோம்" என்று சீக்குக் கோழியைச் சந்தைக்கு அனுப்பாதே! உன் வீட்டில் எரிந்த தீயை இன்னொருத்தி வீட்டுக் கூரையில் வைக்கிற வேலை அது. செத்ததைக் குளத்துக்கரையில் வீசாதே. நாயும் காக்கையும் தெருத் தெருவாக இழுக்கும். ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு, பிறகு மண். கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நம் ஊர் வெயிலில் ஒரு மாதம் காயப்போடு. கரிசல்காட்டு வெயில் இதற்காவது பயன்படட்டும்.

பிறகு மறுபடி ஆரம்பி. முழுக்க இழந்தவளுக்கு ஓர் அடைக்கோழி போதும். சிறுவிடை இனமாகப் பார், குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியத் தெரிந்த தாய் அது. அடை வைத்த இருபத்தொன்றாம் நாள் முட்டைக்குள்ளிருந்து சத்தம் வரும். குஞ்சுத் தீனிக்குக் காசில்லை என்று சொல்லாதே, கறையான் இருக்கிறது. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இடுகிற ஊர்க்காரி நீ. கறையான் எங்கே கிடைக்கும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் உள்ள தரையில் கவிழ்த்து வை. விடிந்ததும் தூக்கினால் சாக்கு முழுக்க வெள்ளையாக நெளியும். உதறிவிட்டதும் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து கொத்துவதைப் பார், உனக்கே ஒரு தெம்பு வரும்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நாலாம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. புதுக்கோழி என்றால் தனிவாசத்திலேயே போட்டுவிடு. ஊசியின் காவல் உடம்பில் ஏற இரண்டு வாரம் வேண்டும். சீக்கான கோழிக்கு மட்டும் போடக்கூடாது. பிப்ரவரியில் அரசே இரண்டு வாரம் முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. வெயில் முற்றி நோய் பரவும் முன்னே தயாராகத்தான் அந்த மாதம்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்குப் போதுமானது இருக்கும். பனிக்கட்டிப் பெட்டியில் வரும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மருத்துவர் தயங்குவார். அதனால் தனியாகப் போகாதே. பிப்ரவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிடு, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு, வீடுவீடாகக் கேட்டுக் கோழிக் கணக்கை ஒரு தாளில் எழுது. காலையில் கால்நடை மருத்துவமனைக்குப் போய், அந்தத் தாளை மேசைமேல் வைத்து, நிமிர்ந்து நின்று கேள்: "எங்க தெருவுல நூறு கோழி இருக்கு சார். என்னைக்கு ஊசி போட வாறீங்க?"