எல்லா நிறத்திலும் வெனிலா

ஒரு தீர்மானத்தின் மதிப்பு அதன் விளைவில் இருக்கிறதா, தீர்மானித்தவரின் மனத்தில் இருக்கிறதா என்ற பழைய கேள்வியைக் கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2012 மார்ச்சில் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட் 3' மறுபடி கிளறிவிட்டது. அது ரோல் பிளேயிங் கேம் வகையைச் சேர்ந்தது; அதாவது, ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, பேச்சிலும் போரிலும் தாம் எடுக்கும் முடிவுகளால் கதையை நடத்திச் செல்வார். 2007இல் வந்த முதல் பாகத்தில் கொல்லாமல் விட்ட ஒருவர், சேமித்த கோப்பின் வழியே மூன்றாம் பாகத்துக்கும் வந்து, செய்த துரோகத்துக்குக் கணக்குக் கேட்கக்கூடும் என்பதுதான் இத்தொடரின் தனிப்பெருமை.

கடைசியில், 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை முன்னேறிய இனங்களை அறுவடை செய்யும் ரீப்பர்கள் என்ற இயந்திரங்களை அழிப்பதா, ஆள்வதா, உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுவதா என்று கேட்கப்படுகிறது. எதைத் தேர்ந்தாலும் காட்டப்பட்ட காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஒளி மட்டும் சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ மாறியது. கொதித்துப்போன ரசிகர்களில் சிலர் பணம் திரட்டி, இந்த மூன்று நிறங்களிலும் ஐசிங் பூசிய சுமார் 400 கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். எந்த நிறத்தைக் கடித்தாலும் உள்ளே வெனிலாதான். நிறுவனம் அவற்றை உள்ளூர் இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது.

இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை எந்த விமர்சகரும் எழுதியதில்லை எனலாம். ஆனாலும் அந்த வெனிலா உறுத்துகிறது. உள்ளே ஒன்று, வெளியே மூன்று என்கிறது கேக். விளையாட்டிலோ நிலைமை நேர்மாறானது. ரீப்பர்களை அழித்தால், கூடவே நின்று போரிட்ட கெத் என்ற இயந்திர இனமும் மடியும். கலந்தால், யாருடைய சம்மதமும் கேட்காமல் எல்லா உயிர்களின் உடலும் மாற்றப்படும். சுவைகள் வேறாகவே இருந்தன, தோற்றம்தான் ஒன்றுபோல் இருந்தது. அப்படியானால் ரசிகர்களைக் கோபப்படுத்தியது வேறுபாடு இல்லாமையா, அதைக் கண்ணால் காண முடியாமையா?

தேர்வின் விளைவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. பக்கத்தைத் தேர்ந்து கதையைத் தொடரச் சொல்லும் சிறுவர் நூல்கள் 1980களில் பரவலாக வாசிக்கப்பட்டன. அவற்றைப் படிக்கும் பிள்ளைகள் பிரிவு வரும் பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொள்வார்கள். போன வழியில் மரணம் காத்திருந்தால் திரும்பி வந்துவிடலாம். அந்த விரல் இருக்கும்வரை எந்தத் தேர்வும் தேர்வு ஆவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸும் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய சோகமான முடிவை, நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டு, 1861இல் அச்சேறுமுன் மாற்றினார். எது உண்மையான முடிவு என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. எழுதியவருக்கே விரலை எடுக்க மனம் வரவில்லை போலும்.

பயோவேரும் 2012 ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிப் பின்கதையைச் சேர்த்தது. மூன்றையும் மறுக்கும் நான்காம் வழியும் அதில் வந்தது. மறுத்தால் அந்தத் தலைமுறையின் இனங்கள் எல்லாம் அழியும், வெற்றி அடுத்த சுழற்சியில் வருபவர்களுக்கே போகும். விளைவைக் காண ஆடுபவரின் பாத்திரம் உயிரோடு இருக்காது. வெனிலாவைக் கண்டு கோபப்பட்டவர்களுக்கு இது பதிலா, தண்டனையா என்பது விளங்கவில்லை. காணமுடியாத விளைவுக்காக ஒருவர் எடுத்த முடிவை அவருடையது என்று சொல்ல எவ்வளவு காட்டப்பட வேண்டும் என்பதும் தெளிவாகவில்லை. ஒன்றுமே காட்டத் தேவையில்லை என்று வாதிட்டால் ரசிகர்களின் கோபம் வீண் என்றாகிறது, அப்படிச் சொல்லிவிடவும் துணிவு வரவில்லை.