அடுத்த வீட்டார் யார்?

ஈகையில் நம்மவர் குறைந்தவர்களல்லர். நோன்பு மாதத்தில் ஊனமுற்றோர் இல்லங்களுக்கு அரிசி மூட்டையும் கஞ்சியும் தவறாமல் போய்ச் சேருகின்றன. ஆனால், நாம் வசிக்கும் தாமானிலேயே ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்து, அறிவு வளர்ச்சி குன்றிய நாலைந்து பேரைக் குடிவைக்கப் போகிறார்கள் என்றால்? "பிள்ளைகள் நடமாடும் இடமாயிற்றே, வீட்டு விலை இறங்கிவிடுமே" என்று மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டக் கிளம்புகிறோம்.

அண்டை வீட்டாருக்கு நம்மீதுள்ளது ஹக்கு, ஸதகா அன்று. ஸதகா யாருக்கென்று நாம் தீர்மானிக்கலாம். அடுத்த வீட்டுக்கு வருகிறவரை அப்படித் தீர்மானிக்க நாம் யார்? எதிர்வீட்டுக்காரர் நம் அனுமதி கேட்டா குடிவந்தார்? எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ஊனமுற்றோருக்கும் உண்டென்கிறது, மலேசியா 2010-இல் ஏற்ற ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் 19-ஆம் ஷரத்து.

அவர்களில் பலர் பெற்றோர் முதுமையடைந்தோ காலமாகியோ தனித்துப் போனவர்கள். ஒவ்வொரு தாமானும் மறுத்தால், ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த பெரிய விடுதிதான் மிச்சம்.

இரவில் கூச்சல் கேட்குமாம். கேட்கலாம்தான், கலியாண வீட்டு ஒலிபெருக்கியைப் பொறுப்பவர்கள்தாமே நாம்! தொல்லை மிகுந்தால் கதவைத் தட்டி வீட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லலாம், மற்ற அண்டை வீட்டாரிடம் சொல்வதைப் போலவே.