அந்தச் சபையில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?



ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முன்னால், சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சைனாடவுன் ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு, சுமார் 4 கிலோமீட்டர், பக்தர்கள் நடந்து வந்து பூக்குழி இறங்குகிறார்கள். நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய கோயில் அது. பேர் மாரியம்மன் கோயில்தான். ஆனா தீமிதி திரௌபதை அம்மனுக்கு. இது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

பாரதத்தில் யாரைப் பிடிக்கும்னு நம்ம பசங்களைக் கேட்டா, பாதிப் பேர் கர்ணன்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான். 1964-இல் வந்த சிவாஜி படத்தைத் தாத்தாவோட உட்கார்ந்து பார்த்து அழுதவன் நான். கர்ணன் பக்கமிருந்து பார்த்தா அவன் கோபம் நியாயமாத்தான் தெரியும். ஆனா சூதாட்டச் சபையை அம்மன் நின்ற இடத்திலிருந்து பாருங்க.

தருமர் முதலில் தன்னை வைத்துத் தோற்றார். அப்புறம்தான் மனைவியை வைத்தார். “தன்னையே தோற்றவருக்கு என்னை வைக்க என்ன உரிமை?” என்பதுதான் அவள் கேள்வி. நேரான கேள்வி. அவள் கண்ணுக்கு எதிரே ஐந்து கணவர்களும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தர்மம் ரொம்ப நுட்பமானது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறார் பீஷ்மர். எல்லாம் படித்த பெரியவர்!

அங்கே எழுந்து பேசினவன் யார் தெரியுமா? விகர்ணன். துரியோதனனோட தம்பி. இவளை ஜெயித்தது செல்லாதுன்னு அண்ணன் முன்னாலேயே சொன்னான். “நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?” என்று அவன் வாயை அடைத்தது நம்ம கர்ணன். அவள் ஆடையைக் களையச் சொன்னதும் அவன்தான். பின்னாடி கண்ணனிடம் அந்தப் பேச்சுக்காக வருந்தினான். வருந்தினது உண்மை. ஆனா அவள் கேட்ட அன்றைக்கு அது உதவவில்லை.

இதை ஏன் எழுதறேன்னா, போன செமஸ்டர் எங்க புராஜெக்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கூடப் படிக்கிற ஒரு பொண்ணோட படத்தைப் போட்டு ரெண்டு பேர் அசிங்கமா கிண்டல் பண்ணாங்க. “இதுல என்ன காமெடி இருக்கு?”ன்னு அவள் கேட்டாள். எல்லாரும் படிச்சோம். யாரும் பதில் போடலை. நான் சிரிக்கலை, அதனால் நான் தப்பு பண்ணலைன்னு நினைச்சுக்கிட்டேன். மறுநாள் அவள் குரூப்பை விட்டே போயிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், திரௌபதை அம்மன் சந்நிதி முன்னாடி நின்னப்போ என்னால் நிமிர்ந்து பார்க்க முடியலை. கர்ணன், அர்ஜுனன்னு என்னை நினைச்சுக்கிட்டிருந்தேனே, உண்மையில் நான் பேர் கூட இல்லாம அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவங்கள்ல ஒருத்தன். அப்புறம் அவளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “அன்னைக்கு ஒருத்தராவது பேசியிருந்தா போதும்,” என்றாள். அதுக்கு மேல் ஒண்ணும் சொல்லலை.

யோசிச்சுப் பாருங்க. நம்ம சிங்கப்பூரில் பூக்குழி இறங்குவது ஆண்கள் மட்டும்தான். ஆண்கள் நிறைந்த ஒரு சபை கைவிட்ட பெண்ணுக்காக, ஆண்கள் நாம் நெருப்பில் நடக்கிறோம். விரதம் இருக்கிறோம், மஞ்சள் உடுத்துகிறோம். நல்லதுதான். ஆனா அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தணலை மட்டும் தாண்டினால் அவள் ஏற்றுக்கொள்வாளா?

விகர்ணன் பேசியதால் சபை மாறிவிடவில்லை. கடைசியில் அவனும் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் மாண்டான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். எதிரியை அழவைத்தது அந்த ஒருநாள் பேச்சு.

இந்த வருஷம் நானும் பூக்குழி இறங்கணும்னு நினைச்சிருக்கேன். அதுக்கு நான் எடுத்துக்கொண்ட விரதத்தில் ஒன்று கூடுதல்: இன்னொரு தடவை யாராவது அப்படிக் கேட்டா, படிச்சிட்டு சும்மா இருக்க மாட்டேன்.

தாயே திரௌபதி, நாங்கள் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் எங்கள் நாவில் நீ இரு.

ஓம் சக்தி.