வானில் விளக்கேந்தும் கடமை: ஓர் அறவியல் நோக்கு

பலருக்கும் உரிய பொதுவெளியிற் புகுவோன் தன் இருப்பைப் பிறர்க்கு அறிவிக்கக் கடமைப்பட்டவனா, அவ்வாறாயின் அக்கடமையின் எல்லை யாது என்னும் வினா அறவியலிற் பழையது. தெருவையும் நீர்வழியையும் பொறுத்தவரை மனித சமுதாயம் இதற்கு ஒருவாறு விடை கண்டுள்ளது. ட்ரோன் என வழங்கும் ஆளில்லா வானூர்தியின் வருகை அவ்வினாவை வானிலும் எழுப்பியுள்ளது. அதனை ஆராய்தற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பொருத்தமான களமாகும்.

எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடப்பது இவ்வாவி. நகருக்கு அண்மையில், திமிலைதீவுப் பகுதியில், வாவியை ஒட்டி விமான நிலையம் அமைந்துள்ளது. போர்க்காலத்தில் விமானப்படைத் தளமாக விளங்கிய அது 2016 இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, பின்னர் சர்வதேச விமான நிலையமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கு இறங்கும் விமானம் நீர்ப்பரப்பின் மேலே தாழ்ந்து வருகின்றது. அதே தாழ்வானத்திற் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பறக்கின்றன. படம்பிடிப்போனும் வயலை அளப்போனும் ட்ரோனைச் செலுத்த விழைவதும் அவ்வானத்திலேயே.

விமானி கண்ணாற் காண்கின்றான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சொல்லுக்கு மறுமொழி கூறுகின்றான். ட்ரோனுக்கு உள்ளிருந்து காண்போரும் இல்லை, மறுமொழி கூறுவோரும் இல்லை. ராடர்க் கருவிக்கோ சிறு ட்ரோனும் பெரும் பறவையும் ஏறத்தாழ ஒரே அளவான எதிரொலியையே தருகின்றன. சுழலும் விசிறிகள் அவ்வெதிரொலியில் உண்டாக்கும் நுண்ணதிர்வைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். ஆயினும் அதற்குத் தனிப்பட்ட கருவிகள் வேண்டும். எனவே ‘தேடுவோன் கண்டறிக’ என்னும் நிலையிலிருந்து ‘பறப்பது தன்னை அறிவிக்க’ என்னும் நிலைக்கு உலக நாடுகள் மாறி வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2023 செப்டெம்பர் முதல், பதிவுக்குரிய ட்ரோன்கள் தம் அடையாள எண், இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றோடு செலுத்துவோன் நிற்கும் இடத்தையும் வானொலி அலையில் அறிவித்தல் வேண்டும் என்பது விதியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாழ்வான் முகாமைத்துவ ஒழுங்குவிதிகளும் அதே ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தன. பயணிகள் விமானங்கள் தம் இருப்பை அறிவிக்கும் அலைவரிசையிற் பொதுவாக ட்ரோன்கள் பேசுதல் ஆகாது என்பதும் அமெரிக்க விதியே. எல்லோரும் ஒருங்கே பேசின் எவர் குரலும் கேளாது போய்விடும் என்பதே அதன் காரணம்.

இக்கடமைக்கு ஆதரவான வாதம் வலியது. 2018 டிசம்பரில் இலண்டன் கற்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாக எழுந்த செய்தியால் ஏறத்தாழ 1000 விமானப் பயணங்கள் தடைப்பட்டன; குற்றவாளி எவரும் கண்டறியப்படவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் இலக்காயிற்று. நான்கு நாட்களின் பின்னர் சிவில் விமானச் சேவை அதிகாரசபை நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதை இடைநிறுத்தியது. திருமணத்தைப் படம்பிடிப்போனும் தீயோனும் அத்தடையின் முன் ஒரு நிகராயினர். பிரித்தறிய இயலாத இடத்து அச்சம் அனைவரையும் ஒருங்கே விலக்கும் என்பது இதனாற் புலனாகும். அடையாளம் காட்டுதல் சுதந்திரத்துக்குப் பகை என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. பல வேளைகளில் அதுவே சுதந்திரத்துக்கு நிபந்தனையாகின்றது.

எனினும் மறுபக்கமும் உண்டு. போர்க்காலத்தில் வன்னி மக்கள் வேவு வானூர்தியை ‘வண்டு’ என்று வழங்கினர். அதன் இரைச்சல் அவர்களுக்குக் கேட்டது. தம்மை நோக்கும் கண் யாருடையது, அது எதைக் குறித்துக்கொள்கின்றது என்பன தெரியவில்லை. காணப்படுவோன் காண்போனை அறியாதிருத்தல் அச்சத்தின் ஊற்று. அத்தகைய நினைவுடைய நாட்டில், பறப்பவை அனைத்தின் தடத்தையும் ஓரிடத்திற் சேர்த்து வைக்கும் ஏற்பாடு விபத்தைத் தடுக்கும் கருவியாக மட்டும் நோக்கப்படமாட்டாது. எவன் எங்கே நின்று எதைப் படம்பிடித்தான் என்னும் பதிவு செய்தியாளனுக்கும் காணியுரிமைக்காக வாதாடுவோனுக்கும் எதிராகப் பயன்படலாம் என்னும் ஐயம் நியாயமானதே.

இம்முரணைத் தீர்ப்பதற்கு நீர்வழியின் பழைய மரபு துணைபுரியும். 1972 ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, துடுப்பால் இயங்கும் சிறு தோணியிலும், மோதலைத் தவிர்க்க உரிய வேளையிற் காட்டத்தக்க ஒரு விளக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்விளக்கு ‘இங்கு ஒருவன் உளன்’ என்று கூறும். அவன் இன்னான் என்று கூறாது. மோதலைத் தவிர்க்க இருப்பிடமே போதும்; பெயர் வேண்டுவதில்லை. பெயர் வேண்டப்படுவது தீங்கு நேர்ந்தபின் பொறுப்பைச் சுமத்துதற்கே. ஆகவே விளக்கு யாவர்க்கும் உரியது. பெயரோ உரிய காரணம் காட்டுவோர்க்கு மட்டும் உரியது. அடையாள எண்ணைப் பொதுவில் ஒலிபரப்பி, பெயரையும் முகவரியையும் பொதுமக்களுக்கு வெளியிடாது வைக்கும் அமெரிக்க ஏற்பாடு இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்ததாகும். ஆயினும் செலுத்துவோன் நிற்கும் இடத்தை அனைவர்க்கும் காட்டுவதன் மூலம் அது விளக்கின் எல்லையைக் கடந்துவிடுகின்றது.

மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, தன் 3 ஆம் உறுப்புரையின்படி, சிவில் வானூர்திகளுக்கு மட்டுமே உரியது. படை, சுங்கம், பொலிஸ் ஆகியவற்றின் வானூர்திகள் அதற்குப் புறம்பானவை. சிவில் விமானங்களின் பாதுகாப்பைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்னும் அளவே அவை குறித்து அரசுகள் ஏற்ற கடப்பாடு. இதன் விளைவு யாது? வயலை அளக்கும் உழவனின் சிறு கருவி தன்னை அறிவித்தே தீரவேண்டும். மனிதரை நோக்கும் ஆற்றல் மிகுந்த கருவியோ மௌனமாகப் பறக்கலாம். ஆற்றல் குறைந்தவனிடம் கடமை மிகுந்தும் ஆற்றல் மிகுந்தவனிடம் கடமை குறைந்தும் இருத்தல் நீதியாகாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனால் ஒப்புநோக்குமாறு அரசனுக்கு அறிவுறுத்துகின்றது. நோக்குவோனும் நோக்கப்படவேண்டும் என்னும் உணர்வு தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. அங்கு அது அரசனின் நலங் கருதி எழுந்தது; இன்று குடிகளின் நலங் கருதி விரித்துக்கொள்ளப்பட வேண்டியது.

எனவே ட்ரோன்களின் தடமறிதல் அறத்துக்கு இயைந்ததாக அமைய மூன்று நியதிகள் வேண்டப்படுகின்றன. பாதுகாப்புக்குத் தேவையான அளவே பொதுவில் அறிவிக்கப்படல் வேண்டும். திரட்டப்பட்ட தடங்கள் குறித்த காலத்தின்பின் அழிக்கப்படுவதோடு, அவற்றைப் பார்த்தவர் யார் என்பதும் பதிவாதல் வேண்டும். அரசின் கருவிகளும், உடனடியாக அன்றெனினும் பின்னரேனும், சுயாதீனமான ஒரு மன்றத்துக்குக் கணக்குக் காட்டல் வேண்டும். இவை நிறைவேறின், எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ மேலே இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்ப்பவன் ‘அது யாது, யாருக்குப் பொறுப்புடையது?’ என்று வினவி விடைபெறும் உரிமையுடையவனாவான். அவ்வுரிமையை வழங்காத கண்காணிப்பு விமானப் பயணியின் உயிரைக் காக்கலாம். கீழே வாழ்வோனின் மதிப்பைக் காத்தது ஆகாது.