வீடும் பாரமும்

தமிழில் வீடு என்னும் ஒரே சொல், மனிதன் குடியிருக்கும் இல்லத்தையும் குறிக்கும். பிறவித் தளையினின்று ஜீவன் பெறும் விடுதலையாகிய மோக்ஷத்தையும் குறிக்கும். சுமையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடம் இல்லம். சுமை அனைத்தும் கழன்றபின் சென்று சேரும் இடம் பரமபதம். வாழ்நாளின் பெரும்பகுதியை முதல் வீட்டைக் கட்டுவதிலும் காப்பதிலும் செலவிட்ட ஒருவன், முதுமை எய்தியபின் இரண்டாம் வீட்டை நாடுவதற்கு முதல் வீட்டை விட்டே ஆக வேண்டுமா? விடுவதானால் எதை விட வேண்டும்? கல்லையும் மரத்தையுமா, அன்றி வேறொன்றையா?

இக்கேள்வி பழமையானது. தலை நரைத்து, தோல் திரைந்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டவன் இல்லத்தை விட்டு வனம் புகலாம் என்று தர்ம சாஸ்திரங்கள் விதித்தன. மனைவியை மக்களிடம் ஒப்படைத்தோ உடன் அழைத்துக்கொண்டோ செல்லலாம் என்றும் அவை கூறின. இதில் ஊன்றி நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வானப்பிரஸ்தன் வெறுங்கையனாகச் செல்வதில்லை. தான் வளர்த்த அக்னியையும் வேள்விக் கருவிகளையும் எடுத்துக்கொண்டே புறப்படுகிறான். அதாவது, வீட்டை விட்டவன் வீட்டின் அடுப்பை உடன் கொண்டு செல்கிறான். பின்னரே, பக்குவம் முதிர்ந்த நிலையில், அந்த அக்னியையும் தன்னுள் ஒடுக்கிக்கொண்டு துறவியாகிறான். ஒரே நாளில் எவரும் அனைத்தையும் விட்டுவிட இயலாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

வானப்பிரஸ்தம் என்னும் சொல்லையே கேட்டறியாத அமெரிக்க நாட்டில், முதியோர் பலர் தமக்கென ஒருவகை வானப்பிரஸ்தத்தைக் கண்டுகொண்டனர். உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, மோட்டார் ஹோம் எனப்படும் பெரிய வண்டி ஒன்றை வாங்கி, கணவனும் மனைவியுமாக அதிலேயே குடியேறி, ஊர் ஊராகச் சுற்றி வாழ்வது அது. அயோவா மாநிலத்துச் சிற்றூரான பாரஸ்ட் சிட்டியில் 1958-ல் தொடங்கிய வின்னபேகோ நிறுவனம், 1966 முதல் இவ்வண்டிகளைத் தொழிற்சாலை முறையில் செய்யலாயிற்று. பின்னர் இவ்வாழ்க்கை நடுத்தரக் குடும்பத்தாருக்கும் எட்டியது. படுக்கை, அடுப்பு, குளியலறை, நல்ல நீருக்கு ஒரு தொட்டி, கழிவு நீருக்குத் தனித் தொட்டிகள் என அனைத்தும் அவ்வண்டியினுள் அடக்கம். சில வண்டிகள் 40 அடி நீளம் உள்ளவை. அத்தகைய வண்டியைச் சந்து பொந்துகளில் செலுத்த இயலாதாகையால், கடைத்தெருவுக்குச் சென்று வர ஒரு சிறு காரையும் பின்னால் கட்டி இழுத்துச் செல்வோர் பலர். வீடு முன்னே செல்ல, வாகனம் பின்னே தொடர்கிறது!

குளிர்காலம் வந்தால் வட மாநிலங்களின் பனியைத் துறந்து தெற்கே வருகின்றனர். அரிசோனா மாநிலப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்றோர் ஊர் உண்டு. நிலையாக வாழ்வோர் சில ஆயிரவரே. ஆயினும் தை, மாசி மாதங்களில் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் அங்கே வந்து தங்குகின்றன. அவ்வூரை ஒட்டிய அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 முடிய, அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தங்கும் முறை 1983-ல் ஏற்பட்டது. பிற அரசு நிலங்கள் பலவற்றில் 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் தங்கலாகாது. வண்டியைக் கிளப்பி வேறிடம் செல்ல வேண்டும். மழைக்காலம் தவிர ஓரூரில் நெடுநாள் தங்கலாகாது என்று நம் நாட்டுத் துறவியர்க்கு ஏற்பட்ட நியமத்தை இது நினைவூட்டுகிறது.

இவ்வாழ்வில் போற்றத்தக்க அம்சம் ஒன்று உண்டு. அது எடை பற்றிய விழிப்பு. ஒவ்வொரு வண்டியிலும், இவ்வளவு எடைக்கு மேல் ஏற்றலாகாது என்னும் அறிவிப்பு பதிக்கப்பட்டிருக்கும். தொட்டியில் 300 லிட்டர் நீர் நிரப்பினால் அதுவே 300 கிலோ. எடை மிகுந்தால் சக்கரம் வெடிக்கும், தடுப்புப் பிடிக்காது, உயிருக்கே ஆபத்து. ஆதலின் லாரிகளை நிறுக்கும் மேடையில் தம் இல்லத்தை ஏற்றி நிறுத்திப் பார்க்கின்றனர். நாற்பது ஆண்டுகள் சேர்த்த மேசை, நாற்காலி, பீங்கான், புத்தகம் ஆகியவற்றுள் எது வேண்டும், எது வேண்டா என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தீர்மானிக்கின்றனர். அக்காட்சியைச் சற்று எண்ணிப் பார்த்தால், இடுப்பில் செருகிய சாவிக்கொத்தைக் கடைசி மூச்சு வரை அவிழ்க்க மனமில்லாத எத்தனையோ குடும்பத் தலைவர்கள் நாணமுற நேரும். அவர்களும் யாத்திரை சென்றவர்களே. ஆனால் சந்நிதியில் கை கூப்பி நிற்கையிலும் பரணில் உள்ள அண்டாவையே எண்ணியவர்கள்.

எனினும் எடை குறைந்தது பற்று குறைந்ததற்குச் சான்றாகாது. விற்க மனம் வராத பொருள்களை மாத வாடகைக்கு எடுத்த அறையில் பூட்டி வைத்துவிட்டுச் சுற்றுவோர் அந்நாட்டில் உண்டு. முந்தைய வீட்டை விற்றவர், வண்டியின் பளபளப்பில் அப்பற்றை மீண்டும் ஊன்றிவிடவும் கூடும். ஆயிரம் சதுர அடியில் பரந்திருந்த எனது என்னும் எண்ணம், முந்நூறு சதுர அடியில் அடர்ந்து நிற்கும்.

மேலும், வண்டியில் வாழும் முதியோர் அனைவரும் விரும்பிப் புறப்பட்டவர் அல்லர். 2008-ல் நேர்ந்த பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வாடகை கொடுக்க வழியின்றிப் பழைய வேன்களில் குடியேறியவர் பலர். அவர்களைப் பற்றி ஜெஸிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் நோமேட்லேண்ட் என்றொரு நூலை 2017-ல் வெளியிட்டார். அதனைத் தழுவிய திரைப்படம் 2021-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. அறுபதும் எழுபதும் கடந்தவர்கள் கிடங்குகளில் சரக்கு எடுத்தும், சர்க்கரைக் கிழங்கு அறுவடையில் உழைத்தும், முகாம்களில் கழிப்பறை கழுவியும் வயிறு வளர்க்கும் நிலையை அது எடுத்துரைக்கிறது. இல்லாமையைத் துறவு என்று புகழ்வது பெரும்பிழை. துறப்பவனுக்குத் துறப்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். பறிகொடுத்தவனிடம் சென்று பற்றறுத்தலின் பெருமையைப் பேசுவது, பசித்தவனுக்கு ஏகாதசி மகிமையை உபதேசிப்பது போலாகும். அவனுக்கு முதலில் உரியது அன்னமும் நிழலும்.

விரும்பிச் சென்றோரின் வாழ்விலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. அவர்களுடைய பெருமை, யாருக்கும் பாரமாக இராமை. மகனைக் காணச் சென்றாலும், அவன் வீட்டு வாசலில் தம் வீட்டை நிறுத்தி, தம் படுக்கையில் உறங்கி, தம் அடுப்பில் சமைத்து, சில நாட்களில் கிளம்பிவிடுகின்றனர். இது குளிர்ந்த உள்ளத்தின் செயலென்று கொள்ள வேண்டா. யாருக்கும் பாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொள்ளாத முதியவர் இத்தமிழ் நாட்டில்தான் எவர்? ஆனால் கண் மங்கும் நாள் ஒன்று வரும். கை நடுங்கும். துணைவருள் ஒருவர் முந்திக்கொள்வார். அன்று 40 அடி வண்டியின் சாவியை எவரிடம் கொடுப்பது?

இக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அறியத்தக்கது. 1978-ல் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர், இவ்வாறு வாழ்வோருக்கென எஸ்கேபீஸ் என்றொரு சங்கத்தை நிறுவினர். தப்பி வந்தவர்கள் என்பது அப்பெயரின் தொனி. அச்சங்கத்தின் தலைமையிடம் டெக்ஸஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரம். ஓட்டுநர் உரிமத்துக்கும் வரிக்கும் கடிதத்துக்கும் அரசாங்கம் முகவரி கேட்கும் அன்றோ? ஊரற்ற பல்லாயிரவருக்கு அச்சங்கத்தின் இடமே ஊராயிற்று. அங்கு வந்து சேரும் கடிதங்கள் அவரவர் இருக்குமிடம் நோக்கி அனுப்பப்படுகின்றன. பின்னர், வண்டி ஓட்ட இயலாத முதியோருக்கென அங்கேயே ஒரு பராமரிப்பு நிலையமும் எழுந்தது. தத்தம் வண்டியிலேயே அவர்கள் வசிக்கலாம். வேளைதோறும் உணவு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் துணை, உடல்நலம் விசாரிக்கும் பணியாளர் என உதவிகள் கிட்டும். தப்பி வந்தவர்கள் என்று பெயர் சூட்டிக்கொண்டோர், முடிவில் ஒருவரையொருவர் தாங்கும் இடத்தையே கட்ட நேர்ந்தது. சக்கரங்கள் ஓய்ந்து நின்ற அவ்விடத்தில், பாரமாக இருப்பதும் பாரம் தாங்குவதும் மனித வாழ்வின் இயல்பே என்னும் உண்மை வெளிப்படுகிறது.

பகவத் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தனக்கு இனியவனான பக்தனின் இலக்கணங்களை அடுக்குகிறான். அவற்றுள் அநிகேதன் என்பது ஒன்று. நிலைத்த மதியுடையவன் என்பது அதனை அடுத்து வருவது. அநிகேதன் என்றால் வீடற்றவன் என்பதே சொற்பொருள். அவ்வாறாயின் இல்லறத்தான் பக்தனாக இயலாதோ என்னும் ஐயம் எழும். எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் இவ்வையத்தைத் தீர்த்தருளுகிறார். ஆத்மாவில் மதி நிலைத்திருப்பதனால் வீடு முதலியவற்றில் பற்றற்றவனே அநிகேதன் என்பது அவர் உரையின் கருத்து. காரணம் மதியின் நிலைபேறு. பற்றின்மை அதன் விளைவு. வீட்டை விட்டால் மதி நிலைக்கும் என்று அவர் கூறவில்லை. மதி நிலைத்தால் வீடு பற்றாகாது என்றே கூறுகிறார். ஆதலின் அநிகேதன் மாட வீதியிலும் வாழலாம். மோட்டார் வண்டியிலும் வாழலாம்.

மதி எதில் நிலைக்க வேண்டும்? பாரதந்த்ரியமே ஜீவனின் ஸ்வரூபம் என்பது ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தம். ஜீவன் எம்பெருமானால் தாங்கப்படுபவன்; அவனுக்கே உரியவன். எவருக்கும் பாரமாக இரேன் என்னும் உறுதி, உலக வழக்கில் நற்குணமே. ஆயினும் அது, எனக்கு எவரும் வேண்டா என்னும் செருக்காக முதிருமாயின் ஸ்வரூபத்துக்கு முரணாகும். தனக்கெனக் கைம்முதல் ஒன்றும் இன்மையும், புகலிடம் வேறு இன்மையும் அன்றோ சரணாகதனின் தகுதிகள்? முதுமை அவ்விரண்டையும் தானே கொண்டுவந்து கொடுக்கிறது. அதைத் தோல்வியென்று அழுபவனும் உண்டு. பெருமாளிடம் பரத்தை ஒப்படைக்க வாய்த்த தருணமென்று கொள்பவனும் உண்டு. தேர்த்தட்டில் அமர்ந்த பார்த்தன் கடிவாளத்தைக் கண்ணன் கையில் விட்டிருந்தான். அதனால் அவன் வீரம் குன்றவில்லை.

முதிய பிராயத்தில் வீதிக்கு வந்த ஒரு மகானை இங்கு நினைத்தல் தகும். 1323-ல் திருவரங்கத்தின்மீது டில்லிப் படை பாய்ந்தபோது, நூறு பிராயம் கடந்தவர் என்று ஆசார்ய பரம்பரை கூறும் பிள்ளை லோகாசாரியார், நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர் பறித்தபோது தம்மிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தார் என்பர். அவர் கொண்டு சென்ற சுமை எம்பெருமான் ஒருவனே. மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடியில், வழியிலேயே, அவர் திருநாடு எய்தினார். நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளியது 1371-ல். அதைக் காண அவர் இருக்கவில்லை. ஆயினும் அவர் வீடின்றி மறைந்தார் என்று எவரேனும் உரைப்பரோ? அவர் தாங்கியவனே அவரைத் தாங்கினான். வீடு அவருடன் வந்துகொண்டிருந்தது.

திருவிழாக் காலத்தில் எம்பெருமானும் தன் திருமாளிகையை விட்டுச் சக்கரம் பூண்ட இல்லத்தில் ஏறி வீதிக்கு வருகிறான். அத்தேர் தானே ஓடுவதில்லை. முதியவர் தொட்டும், இளையவர் இழுத்தும், பலர் கை சேர்ந்தே அது நகர்கிறது. நான்கு வீதியும் சுற்றி முடிவில் நிலைக்கு வந்து சேர்கிறது. சுற்றுவது தேரின் அழகு. நிலை சேர்வது அதன் நிறைவு. வடம் பிடித்து வீடு திரும்பும் அடியார்கள், கூடத்தையும் பரணையும் ஒருமுறை நோக்கி, இவற்றுள் எதன் எடை நெஞ்சில் ஏறியுள்ளது என்று நிறுத்துப் பார்ப்பார்களாக. தம் முதியோரைப் பாரமென்று எண்ணாதிருப்பார்களாக. தாம் முதியோராகும் நாளில் பிறர் கை பற்ற நாணாதிருப்பார்களாக. பாரம் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும் பரந்தாமன் அனைவரையும் தன் திருவடி நிழலாகிய வீட்டில் சேர்த்தருள்வானாக.